ராணி வழக்கும் நான் விதித்த பொருளாதாரத் தடையும்

“1980 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. பனிச்சங்குடியிருப்பு வாசகசாலை. ராணி திரும்பி வரும்வரை தாழங்கரையோடு எமது ஊரார் எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்வதில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. செயலாளர் முன்மொழிந்தார்.”

செயலாளர் நான்தான். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. கையெழுத்து அழகாக இருக்கிறது; அதைத் தவிர அந்தத் தாளில் பெருமைப்பட எதுவும் இல்லை. ‘ஏகமனதாக’ என்பதுகூடச் சரியில்லை. தீர்மானத்தை நான் வாசித்தபோது ராணியின் சொந்தக்காரி பாக்கியம் அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். வெளியே போனவரைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ராணி ஓர் எருமை.

ஊர்ச் சங்கதிகளைத் திகதியிட்டு எழுதி வைப்பது என் பழக்கம். எந்த மழைக்கு எந்தக் குளம் உடைத்தது, யார் வீட்டுக்கு முதல் றேடியோ வந்தது என்று கேட்டால் சொல்வேன். மற்றவர்கள் செய்த முட்டாள்தனங்களுக்கும் என்னிடம் திகதி உண்டு. என்னுடையதை மட்டும் இதுவரை எழுதவில்லை. இனியும் எழுதாமல் விட்டால் ஊரார் சொல்லும் கதைதான் நிலைக்கும். அதில் நான் இன்னும் மோசமாக வருகிறேன். (சிலர் இது நடந்தது 1981 இல் என்பார்கள். தவறு. 1981 இல் ராணிக்குச் சினைகூடப் பிடிக்கவில்லை.)

நாங்கள் 1977 கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வந்து, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் பனிச்சங்குடியிருப்பிலிருந்து இரண்டு கட்டை (மைல்) தூரத்தில், களப்பு ஓரமாகத் தாழங்கரை இருந்தது. அங்கே இருந்தவர்கள் கத்தோலிக்க மீனவர்கள். எங்களிடமிருந்து அரிசியும் கத்தரிக்காயும் அங்கே போகும். அங்கிருந்து மீனும் கருவாடும் இங்கே வரும். எங்கள் எருமைகள் களப்பு ஓரத்துப் புல்லுக்குப் போய், மாலையில் தாமாகவே திரும்பி வரும்.

அந்தச் சனிக்கிழமை ராணி திரும்பி வரவில்லை. தாழங்கரையில் காயப் போட்டிருந்த வலை ஒன்று அவளுடைய கொம்பில் மாட்டிக்கொண்டது. வேறு மாடாக இருந்தால் மிரண்டு ஓடியிருக்கும். ராணி மணப்பெண்ணைப் போல அந்த வலையை முக்காடாகப் போட்டுக்கொண்டு நிதானமாக நடந்து போய், களப்புச் சேற்றில் படுத்துப் புரண்டு, வலையை ஒரு வழி பண்ணிவிட்டாள். வலையின் சொந்தக்காரர் கிறகோரி அண்ணை அவளைப் பிடித்து மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில் கட்டினார்.

“வலைக்கு ஒரு முடிவு சொல்லிப்போட்டு மாட்டைக் கொண்டு போங்கோ” என்று ஆள் அனுப்பினார். அதோடு இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்: “கன்டைக் கொண்டு வந்து விடுங்கோ. அது பால் குடிக்கட்டும்.”

அந்தக் கன்று பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாக்கியம் அக்கா தன் தோட்டை விற்று வாங்கிய எருமை ராணி. புருஷன் கலவரத்தில் போன பிறகு அக்காவுக்கு இருந்த ஒரே சொத்து அவள்தான். அந்தக் கன்று ஆம்பிளைக் கன்று. வளர்ந்தால் ஏர் பூட்டலாம் என்பது அக்காவின் கனவு. இது புரிந்திருந்தால் யாராக இருந்தாலும் அன்று மாலையே கன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் ஊரில் நான் இருந்தேன்.

நான் அப்போது சங்கக்கடையில் வேலை செய்தேன். சாமான் சுற்றக் கொழும்பிலிருந்து பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். சுற்றுவதற்கு முன் நான் வாசிப்பேன். (சீனி வாங்க வந்தவர்கள் காத்திருப்பார்கள்.) ரொடீசியாவுக்கு உலக நாடுகள் போட்ட பொருளாதாரத் தடையைப் பற்றி அப்படித்தான் அறிந்தேன். நாடுகளும் கம்பனிகளும் சண்டை பிடித்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போகலாம், ஆளுக்கு ஒரு நடுவரைப் பெயர் சொல்ல அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள் என்பதையும் ஒரு கட்டுரையில் படித்தேன். தடை போட்ட நாட்டோடு அப்படி வழக்கு நடந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியோடு அந்தப் பக்கம் முடிந்தது. மறுபக்கம் யாருடைய பருப்போடு போனதோ தெரியாது.

பாதிக் கட்டுரை எனக்குப் போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்தேன்.

“முதல்ல தடை. அப்பத்தான் அவங்க மேசைக்கு வருவாங்க. அப்புறம் நடுவர் மன்றம். இதுதான் உலக வழக்கம்” என்றேன்.

எங்கள் கிராமச் சங்கத் தலைவர் முத்தையா அண்ணன் மெதுவாகக் கேட்டார்: “தம்பி, அவங்கதான் பேச வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்களே. வர்றவங்கள எதுக்கு வரவைக்கணும்?”

“அண்ணே, தடை இல்லாம பேசப் போனா நம்ம பலவீனமானவங்கன்னு நெனைப்பாங்க.”

‘பலவீனம்’ என்ற சொல் வேலை செய்தது. தாழங்கரையில் யாரோ எங்களை ‘நேற்று வந்த ஆக்கள்’ என்று சொன்ன கோபமும் பலருக்கு இருந்தது. கைகள் உயர்ந்தன. பாக்கியம் அக்கா வெளியேறினார்.

திங்கட்கிழமை காலையில் தாழங்கரையிலிருந்து ஒருவர் சைக்கிளில் ஒரு போத்தல் பால் கொண்டு வந்தார். ராணியின் மடி கட்டிக்கொள்ளாமல் இருக்க அவர்களே கறந்து, கன்றுக்கென்று அனுப்பியிருந்தார்கள். அவர் வழியில் பார்த்த முதல் ஆள் நான். அவரை நிறுத்தி, தடை நடைமுறையில் இருப்பதால் பாலை ஏற்க முடியவில்லை என்றும், அவர்களுடைய நல்லெண்ணத்தைப் பாராட்டுவதாகவும் ஒரு கடிதம் எழுதி, பாலையும் கடிதத்தையும் அவரிடமே கொடுத்து அனுப்பினேன்.

அன்று மத்தியானம் வீட்டில் பருப்பு. இரவும் பருப்பு. அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

“தடை கிடையெல்லாம் இருக்கட்டும். கருவாட்டுக்கு என்னடா வழி?”

“கொஞ்சம் பொறுங்கப்பா. அவங்களுக்குத்தான் நம்மளைவிட அதிக கஷ்டம்.”

அவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அரிசிக்கு முல்லைத்தீவு இருந்தது, மீனுக்குக் களப்பு இருந்தது. நாங்கள் திருப்பி அனுப்பிய பாலில் தயிர் உறைய வைத்து ஊருக்கே பங்கிட்டதாகப் பிறகு அறிந்தேன். தடையால் உண்மையில் பட்டினி கிடந்தது அந்தக் கன்று ஒன்றுதான். பசும்பாலைத் துணியில் நனைத்துக் கொடுத்தால் துப்பிவிட்டது. ஆட்டுப்பாலையும் துப்பியது. செவ்வாய்க்கிழமை விடியும்போது எழுந்து நிற்கவே அதற்கு முடியவில்லை.

ஆனால் நடுவர் மன்றம் செவ்வாய்க்கிழமை கூடும் என்று ஒழுங்காகி விட்டது. நான் எதிர்பார்த்த இழுபறி எதுவும் இல்லை. “ஓம், மூண்டு பேரை வைச்சுக் கதைப்பம்” என்று அவர்கள் உடனே சம்மதித்துவிட்டார்கள். எங்கள் தரப்பு நடுவர் முத்தையா அண்ணன். அவர்கள் தரப்பு நடுவர் மாதா கோயில் மூப்பர். மூன்றாமவராக இருவரும் பெயர் சொன்னது பரியாரியாரை. அவர் களப்புக்கு அக்கரையில் இருந்த நாட்டு வைத்தியர். எங்கள் மாடுகளுக்கு மருந்து கொடுப்பார், அவர்கள் மீனைச் சாப்பிடுவார். அதைவிட நடுநிலை எங்கே கிடைக்கும்?

இரண்டு ஊருக்கும் நடுவில், மாதா கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பனங்கூடல்தான் இடம். காலையிலேயே எல்லோரும் கூடிவிட்டோம். பரியாரியாரைக் காணவில்லை. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்த பிறகு, காட்டுப் பாதையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின் சில்லில் காற்று இல்லை. வேட்டி முழுக்கப் புழுதி.

“வள்ளத்தில ஏறியிருந்தா அரை மணித்தியாலத்தில வந்திருப்பன். ஆர் என்னை ஆனைக் காட்டால வரச் சொன்னது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஐயா, அந்த வள்ளம் அவங்களோடது. அதுல வந்தீங்கன்னா தடையை மீறின மாதிரி ஆயிரும்.”

“தடை உங்களுக்கோ எனக்கோ தம்பி?”

“எங்களுக்குத்தான். ஆனா உங்களை நாங்களும் சேர்ந்துதானே ஐயா கூப்பிட்டிருக்கோம்.”

“அப்ப ஒரு காலால மட்டும் சைக்கிள் மிதிச்சிருக்க வேணும், என்ன?” என்றார் பரியாரியார்.

மூப்பர் கோயிலிலிருந்து ஒரு கதிரை கொண்டு வந்து போட்டிருந்தார். பரியாரியார் அதில் உட்காரப் போனார். நான் தொண்டையைச் செருமினேன். தாழங்கரைக் கதிரையில் எங்கள் நடுவர் மன்றத் தலைவர் உட்காருவது எப்படி? அவர் திரும்பி, நாங்கள் விரித்திருந்த சாக்கில் உட்காரப் போனார். “அப்ப எங்கட கதிரைக்கு என்ன குறை?” என்று அந்தப் பக்கம் சத்தம் எழுந்தது. கடைசியில் அவர் தன்னுடைய சைக்கிளை ஒரு பனையில் சாய்த்துவிட்டு அதன் கரியரில் ஏறி உட்கார்ந்தார். விசாரணை முழுவதும் அப்படித்தான் நடந்தது.

விசாரணை நன்றாகவே போனது. மாடு போகும் பாதைக்குக் குறுக்கே வலை காயப் போட்டது அவர்கள் பிழை என்றோம். வலை காயும் இடத்தில் மாட்டைத் தனியே விட்டது எங்கள் பிழை என்றார்கள். இரண்டும் உண்மைதான். பரியாரியார் மற்ற இரண்டு நடுவர்களோடும் காதுக்குள் கதைத்தார். மூவரும் தலையாட்டினார்கள். தீர்ப்பு வரப்போகிறது என்று நான் பேனாவைத் திறந்தேன்.

“பொறுங்கோ” என்றார் மூப்பர். “சாப்பாடு?”

அப்போதுதான் எனக்கு அந்தப் பகுதியின் வழக்கம் தெரிய வந்தது. இரண்டு ஊருக்கு நடுவில் வழக்கு என்றால், நடுவர்களுக்கு ஒரு ஊர் சோறு போட வேண்டும், மற்ற ஊர் கறி ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒரே இலையில் குழைத்துச் சாப்பிட்ட பிறகுதான் நடுவர் வாய் திறக்கலாம். அப்படிச் சாப்பிடாமல் சொன்ன தீர்ப்பை யாரும் மதிக்கத் தேவையில்லை. நாங்கள் வந்து மூன்று வருடம்தானே, எங்களுக்கு இது தெரியாது. ஆனால் விருந்தாளிக்கென்று எங்கள் பெண்கள் ஒரு பெரிய பானை சோறு ஆக்கியிருந்தார்கள். அவர்களிடம் நண்டுக் கறியும் இறால் கறியும் இரண்டு பெரிய சட்டிகளில் இருந்தன. நடுவில் பத்தடி மணல்தான்.

“அது முடியாதுங்க” என்றேன். “எங்க சோறும் உங்க கறியும் ஒண்ணாச் சேர்ந்தா அதுதான் கொடுக்கல் வாங்கல். தீர்ப்பு வந்து ராணி திரும்பின பிறகுதான் தடை நீங்கும்.”

“சாப்பாடு இல்லாமத் தீர்ப்பு வராதே” என்றார் மூப்பர்.

“தீர்ப்பு இல்லாம தடை நீங்காதுங்களே.”

“தடை நீங்காமச் சாப்பாடு இல்லை எண்டுறீர்?”

“ஆமாங்க.”

கிறகோரி அண்ணை என்னை உற்றுப் பார்த்தார். “இந்தப் பெடியன் என்ன படிச்சவன்?” என்று முத்தையா அண்ணனைக் கேட்டார். முத்தையா அண்ணன் பனை உச்சியைப் பார்த்தார்.

நான் விடவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தேன். “ஐயா முதல்ல எங்க சோத்தை வெறும் சோறா சாப்பிடலாம். அப்புறம் கையைக் கழுவிட்டு, அவங்க கறியைத் தனியா சாப்பிடலாம்.”

“வயித்துக்குள்ள போய் ரெண்டும் சந்திக்காதோ?” என்றார் பரியாரியார்.

அடுத்து, விசேட அனுமதி ஒன்று வழங்கலாம் என்றேன். ஒரு பானைச் சோற்றுக்கு மட்டும், இந்த ஒரு நாளைக்கு மட்டும். ஆனால் அதற்கு நிர்வாகக் குழு கூட வேண்டும். குழுவில் பாதிப் பேர் யானை விழுத்திய வேலியைக் கட்டப் போயிருந்தார்கள். அனுமதி என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா கூட்டத்திலிருந்து எழுந்தார். “அப்படியே எனக்கும் ஒரு அனுமதி எழுது. கால் கிலோ கருவாடு. மருந்துக்கு.” பின்னால் இருந்து இன்னொரு குரல் உப்பு கேட்டது. இன்னொன்று இறால் கேட்டது. நான் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன்.

பரியாரியார் கரியரில் இருந்தபடி வயிற்றைத் தடவினார். கறியின் வாசம் வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் பாக்கியம் அக்கா வந்தார். கன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அதன் தலை ஒரு பக்கம் தொங்கியது. அவர் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் சாக்குகளைத் தாண்டி, பரியாரியாரைத் தாண்டி, நேரே தாழங்கரைப் பக்கம் நடந்தார்.

நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு ஊருக்கும் கேட்கும்படி கத்தினேன்:

“அக்கா, நில்லுங்க! அது ஏற்றுமதி!”



“ஏற்றுமதியா?” என்றார் அக்கா. மெதுவாகத்தான் கேட்டார். “பாலைத் திருப்பி அனுப்பினவனும் நீதானே? ஏன்டா, இது சாகப்போகுதுடா. செத்துப்போச்சுன்னா அதுக்கு என்ன பேரு வச்சிருக்க?”

பதில் கோயில் பக்கமிருந்து வந்தது. கன்று ஈனக் குரலில் ஒரு தடவை கத்தியது. அங்கிருந்து ராணி கத்தினாள். அடுத்த கணம் கழுத்தில் கயிறு இழுபட, அவள் பனைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் புத்தியுள்ள ஒருவன் விலகியிருப்பான். தீர்ப்புக்கு முன்னால் வழக்குப் பொருள் எல்லையைத் தாண்டக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. நான் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு எல்லையில் நின்றேன். ராணி என்னை முட்டவில்லை. அவளை அவதூறு செய்ய மாட்டேன். நான் அங்கே நிற்பதையே அவள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அவளுடைய விலா என் மேல் பட்டது. நான் ஒரு சுற்றுச் சுற்றி, தாழங்கரைப் பக்கமாகப் பின்னால் போனேன், போய்க்கொண்டே இருந்தேன், கடைசியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் நண்டுக் கறிச் சட்டி.

கறி ஆறிப் போயிருந்தது. அதற்குக் காரணம் என்னுடைய வாதங்கள்தான். என் வாழ்க்கையில் என் வாதங்களால் நான் பெற்ற ஒரே நன்மை அது.

யாரும் சிரிக்கவில்லை. உடனே சிரிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோரும் கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அதை மணலில் இறக்கிவிட்டு, அதன் வாயை ராணியின் மடியில் வைத்துப் பிடித்தார். முதலில் அது குடிக்கவில்லை. கிறகோரி அண்ணை குனிந்து, காம்பைப் பீய்ச்சி அதன் நாக்கில் பால் படவிட்டார். பிறகு சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது மடியை முட்டியது. அது முட்டியதும்தான் பரியாரியார் சிரிக்கத் தொடங்கி, சிரித்த வேகத்தில் சைக்கிளோடு சாய்ந்து விழுந்தார். அதன் பிறகு இரண்டு ஊரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த விஷயத்தில் மட்டும் தீர்மானம் உண்மையிலேயே ஏகமனதாக இருந்தது.

பாக்கியம் அக்கா கையைச் சேலையில் துடைத்தார். எங்கள் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போய், மிச்சமிருந்த இறால் கறிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சாப்பிடுங்கய்யா. பசியோட என்ன தீர்ப்பு?”

மூவரும் குழைத்துச் சாப்பிட்டார்கள். அப்பா யாரையும் கேட்காமல் நாலாவது இலையைப் போட்டுக்கொண்டார்.

தீர்ப்பு சுருக்கமானது. வலையைப் பாதையிலிருந்து தள்ளிக் காயப் போட வேண்டும். மாடுகளோடு ஓர் ஆள் போக வேண்டும். கிழிந்த வலையைப் பனிச்சங்குடியிருப்பு சரிசெய்து கொடுக்க வேண்டும். “உங்கட ஊரில வலை பின்னத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ?” என்று கிறகோரி அண்ணை கேட்டார். இல்லை என்றோம். “அப்ப செயலாளரை அனுப்புங்கோ. நான் பழக்கிறன்.”

மழைக்காலம் தொடங்கும்வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் அவர் வாசலில் உட்கார்ந்து வலை பின்னினேன். நான் பின்னிய இடத்தை அவர் விரித்துப் பார்ப்பார். “நல்ல வேலை. இதுக்குள்ளால திமிங்கிலம் வசதியாப் போய் வரும்” என்பார். பிறகு அவிழ்த்துத் தானே பின்னுவார். போகும்போது கருவாடு கட்டிக் கொடுப்பார்.

பின்னாளில் நூலகங்கள் இருக்கும் ஊர்களில் வாழ நேர்ந்தபோது, பருப்போடு போன அந்த மறுபக்கத்தில் என்ன எழுதியிருக்கும் என்று தேடிப் படித்தேன். பெரிய நாடுகளுக்கும் எங்களுக்கு நடந்ததேதான் நடக்கிறது. தடைக்கு உட்பட்ட தரப்பு நடுவருக்குக் கட்டணம் அனுப்பினால் வங்கி மறிக்கிறது. வழக்கறிஞர் ஆஜராவதற்கே அரசாங்கத்திடம் அனுமதி எடுக்க வேண்டியிருக்கிறது. நடுவர் எந்த நாட்டுக்காரர், எந்த வழியால் வருவார் என்பதே வழக்காகிறது. எல்லாம் முடிந்து தீர்ப்பு வந்தாலும், அதை நிறைவேற்றினால் தடையை மீறியதாகும் என்று இன்னொரு நீதிமன்றம் கையை விரிக்கலாம். அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் பெரிய அறிஞர்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் கறிச்சட்டியில் உட்கார்ந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அதனால் இந்த விடயத்தில் என்னுடைய அனுபவம் கொஞ்சம் கூடுதல்.

கன்று பிழைத்தது. பாக்கியம் அக்கா அதற்குத் ‘தடை’ என்று பெயர் வைத்தார். மாலையானால் ஊருக்கே கேட்கும்படி “தடை! ஏய் தடை! வாடா வீட்டுக்கு!” என்று கூப்பிடுவார். நான் சங்கக்கடைக்குள் சாக்குகளுக்குப் பின்னால் குனிந்து எதையாவது தேடுவேன். அது வளர்ந்து ஏர் பூட்டி, இரண்டு போகம் எங்கள் வயலையும் உழுதது. பிறகு வந்த போர் வருடங்களில் இரண்டு ஊருமே இருந்த இடத்தில் இருக்கவில்லை. ஆட்கள் மடுவுக்கும் புளியங்குளத்துக்கும் கடல் கடந்தும் போனார்கள். ஆனால் என் பெயர் அவர்களோடு போனது. எந்த ஊரில் எந்தக் கல்யாண வீட்டில் தாழங்கரை ஆள் ஒருவரைக் கண்டாலும், என்னை இன்றும் ‘ஏற்றுமதி அண்ணை’ என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். என் பிள்ளைகள் ‘ஏற்றுமதியின்ர பிள்ளையள்’. மகளைக் கட்டிக்கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிய அன்று, விமான நிலையத்தில் அவள் உள்ளே போகும் கதவருகில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். என் மனைவி என் கையைப் பிடித்து, “ஓடிப்போய்க் கையை விரிச்சு நிக்கலியா? இதுவும் ஏற்றுமதிதானே” என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எனக்குப் புரையேறிவிட்டது.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. அன்று ராணி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்ததாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கயிற்றை நான் பார்த்தேன். அது அறுபடவில்லை. முனை முழுசாக இருந்தது. யாரோ முடிச்சை ஒழுங்காக அவிழ்த்திருக்கிறார்கள். கிறகோரி அண்ணை அப்போது என் கண்முன்னே இருந்தார். மூப்பரும் அங்கேதான். தாழங்கரைப் பெண்கள் மூவர், தனித்தனியே, அது தாங்கள்தான் என்று வெவ்வேறு காலங்களில் என்னிடம் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று பாக்கியம் அக்காவை அவர் சாகும்வரை கேட்டேன். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை. ராணியை அவிழ்த்துவிட்டது யார் என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.